ஐகானுக்கு நாம் எழுதும் கருத்தை யாராவது படிக்கிறார்களா?

இணைய முகவரிப் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பைப் பற்றி நீங்கள் கேட்டிருப்பது இது: “ஐகான் கூட்டங்களில் யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம், முடிவெடுக்கும் முன் பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று படித்தேன். அது நிஜமா, வெறும் கண்துடைப்பா? மதுரையில் இருக்கும் என்னைப் போன்ற ஒருவர் எழுதினால் ஏதாவது மாறுமா?” கேள்வி ஒன்றுதான், அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. முடிவெடுப்பதை நாம் பார்க்க முடியுமா? அங்கே பேச முடியுமா? நாம் பேசியதற்கு அவர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டுமா? முதல் இரண்டுக்கும் ‘முடியும்’ என்று தயக்கமில்லாமல் சொல்வேன். மூன்றாவதற்குத்தான் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. டொமைன் சர்வர்களைப் பராமரிப்பது என் தொழில். அந்த வழியாகத்தான் இந்த அமைப்புகளின் மின்னஞ்சல் குழுக்களுக்கும் கருத்துக்கேட்புகளுக்கும் வந்து சேர்ந்தேன். பல ஆண்டுகளாகப் படித்தும் எழுதியும் வருகிறேன். சட்டம் படித்தவன் இல்லை. எனவே தீர்ப்புகளைப் பற்றி நான் சொல்வதை ஒரு தொழில்நுட்பக்காரனின் வாசிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சந்தேகத்துக்கு இடமில்லாத பகுதி. ஐகான் 1998-இல் கலிஃபோர்னியாவில் லாப நோக்கற்ற நிறுவனமாகப் பதிவானது. டாட் காம், டாட் ஆர்க், டாட் இன் என இணைய முகவரிகளின் கடைசியில் வரும் பெயர்களின் மூலப் பட்டியலை ஒருங்கிணைப்பது அதன் முக்கிய வேலை. 2016 நவம்பரில் அதன் 57-ஆவது பொதுக்கூட்டம் ஹைதராபாத்தில் நடந்தபோது, பெயரைப் பதிவுசெய்துகொண்ட எவரும் உள்ளே போக முடிந்தது. நுழைவுக் கட்டணம் இல்லை. நேரில் போக முடியாதவர்கள் வீட்டிலிருந்தே இணையவழியாகச் சேரலாம், கேள்வியும் கேட்கலாம். பெரும்பாலான அமர்வுகளின் ஒலிப்பதிவும் எழுத்துவடிவமும் பிறகு கிடைக்கும். இயக்குநர் குழு நிறைவேற்றும் தீர்மானங்களை இரண்டு வேலை நாளுக்குள்ளும், கூட்டத்தின் முதல்கட்ட அறிக்கையை ஏழு வேலை நாளுக்குள்ளும் வெளியிட வேண்டும் என்று துணைவிதிகளே சொல்கின்றன. கருத்துக்கேட்புக்கு வழக்கமாக 40 நாள் அவகாசம் தருவார்கள். வந்த கருத்துகள் பெயரோடு வெளியாகும், அவற்றைத் தொகுத்து ஓர் அறிக்கையும் வரும். இவ்வளவும் செய்கிற அரசு அலுவலகங்களே நம் நாட்டில் குறைவு.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைப் பலரும் கவனிப்பதில்லை. முகவரிப் பட்டியலின் வேர்ப் பகுதி போலியானதல்ல என்று உறுதிசெய்ய ஒரு மறைக்குறியீட்டுச் சாவி இருக்கிறது. கலிஃபோர்னியாவின் எல் செகுண்டோவிலும் வர்ஜீனியாவின் கல்பெப்பரிலும் மாறி மாறி, 2010 முதல் ஆண்டுக்குச் சுமார் நான்கு முறை, அந்தச் சாவியை வெளியே எடுத்துக் கையொப்பமிடும் நிகழ்வு நடக்கிறது. எந்த நிமிடத்தில் யார் எந்தப் பெட்டகத்தைத் திறப்பார் என்று வரிவரியாக எழுதிய நடைமுறைத்தாளை வெளியிடுகிறார்கள். முழு நிகழ்வும் நேரலையில் வரும். உலகின் பல பகுதிகளிலிருந்து தேர்ந்தெடுத்த, ஐகானில் வேலை பார்க்காத சாட்சிகள் சிலர் இருந்தால்தான் பெட்டகத்துக்குள் இருப்பதைப் பயன்படுத்தவே முடியும். 2020 பிப்ரவரியில் ஒரு பெட்டகத்தின் பூட்டு திறக்காமல் போய் நிகழ்வு தள்ளிப்போனது. அதையும் மறைக்காமல் அறிவித்தார்கள். என் தொழிலில் இருப்பவனுக்கு இது பெரிய விஷயம். யாரையும் நம்பச் சொல்லாமல், ‘நீயே பார்த்துக்கொள்’ என்று சொல்கிற வெளிப்படைத்தன்மை இது.

ஆனால் இதெல்லாம் தொடக்கத்திலிருந்தே இருந்ததில்லை. ஐகானின் முதல் இயக்குநர் குழு 1998-இல் அமைந்தபோது அதன் கூட்டங்கள் மூடிய அறைக்குள் நடந்தன. அந்த முதல் இயக்குநர்களை யார், எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்பதே பெரிய சர்ச்சையாக இருந்தது. 1999 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் ஒரு குழு ‘ஐகான் கட்டுப்பாட்டை மீறிவிட்டதா’ என்பதையே தலைப்பாக வைத்து விசாரணை நடத்தியது. அமெரிக்க வணிகத் துறையும் கூட்டங்களைத் திறக்கச் சொல்லி அழுத்தம் கொடுத்தது. அதன் பிறகுதான், அந்த ஆண்டு ஆகஸ்டில் சிலியின் சாண்டியாகோ நகரில், இயக்குநர்கள் பொதுமக்கள் கண்ணெதிரே உட்கார்ந்து பேசினார்கள். கதவைத் திறந்தவர்கள் உள்ளே இருந்தவர்கள் இல்லை. வெளியே அதிகாரத்தோடு நின்றவர்கள். இந்த உண்மை அடுத்து வரும் எல்லாக் கதையிலும் திரும்பத் திரும்ப வருகிறது.

2000-ஆம் ஆண்டில் ஐகான் ஒரு துணிச்சலான காரியமும் செய்தது. உலகெங்கும் உள்ள இணையப் பயனாளர்களே ஓட்டுப் போட்டு ஐந்து இயக்குநர்களைத் தேர்ந்தெடுத்தார்கள், கண்டத்துக்கு ஒருவர் என்ற கணக்கில். சுமார் 34,000 பேர் வாக்களித்தார்கள். வட அமெரிக்காவிலிருந்து வென்ற கார்ல் ஆவர்பாக், நிறுவனத்தின் கணக்கு வழக்குகளைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். ரகசியம் காப்பேன் என்று முதலில் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். அவர் மறுத்து வழக்குப் போட்டார். 2002 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸ் நீதிமன்றம், இயக்குநருக்கு நிறுவன ஆவணங்களைப் பார்க்கும் உரிமை உண்டு என்று அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் நடந்த சீர்திருத்தத்தில் பயனாளர் தேர்தல் முறையே எடுக்கப்பட்டுவிட்டது. சில ஆயிரம் ஓட்டை ஒரு நிறுவனமோ ஒரு நாடோ எளிதாகத் திரட்டிவிடும் என்பது அப்போது சொன்ன காரணம். அந்தக் கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் நேரடி ஓட்டுக்குப் பதிலாக வந்தது ஓர் ஆலோசனைக் குழுவும், 2010 முதல் இயக்குநர் குழுவில் ஒரே ஓர் இடமும்தான். இது சரியான ஈடு என்று நான் நினைக்கவில்லை.

இனி உங்கள் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். இதற்கு நான் அறிந்த மிக நல்ல உதாரணம் டாட் ஆர்க். தொண்டு நிறுவனங்கள், சங்கங்கள், நூலகங்கள், மனித உரிமை அமைப்புகள் என்று சுமார் ஒரு கோடி முகவரிகள் அதில் இருக்கின்றன. 2003 முதல் அதை நிர்வகிப்பது பப்ளிக் இன்ட்ரஸ்ட் ரெஜிஸ்ட்ரி என்ற லாப நோக்கற்ற அமைப்பு. அதன் தாய் அமைப்பு இன்டர்நெட் சொசைட்டி. பழைய ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் விலையை ஏற்றக் கூடாது என்ற உச்சவரம்பு இருந்தது. 2019-இல் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது அந்த வரம்பை நீக்கலாம் என்ற வரைவு கருத்துக்கேட்புக்கு வந்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். மிகப் பெரும்பாலோர் ‘வேண்டாம்’ என்றார்கள். ஐகான் வழக்கம்போல எல்லாவற்றையும் வெளியிட்டது, தொகுப்பறிக்கையும் எழுதியது. 2019 ஜூன் 30 அன்று வரம்பு நீங்கிய ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டது.

கண்துடைப்பு என்ற உங்கள் சந்தேகத்துக்கு இதைவிட வலுவான ஆதாரம் கிடையாது. கிராம சபையில் தீர்மானத்தை முன்பே எழுதிவைத்துக்கொண்டு கையெழுத்து மட்டும் வாங்கும் கூத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த எரிச்சல் புரியும். ஆனால் இந்தக் கதை அங்கே நிற்கவில்லை. முகவரி விற்கும் நிறுவனமான நேம்சீப் இந்த முடிவை எதிர்த்து, ஐகானின் துணைவிதிகளில் உள்ள சுயாதீன மறுஆய்வு முறைக்குப் போனது. நடுவர் குழு 2022 டிசம்பரில் தன் முடிவைச் சொன்னது. விலை வரம்பு சரியா தவறா என்பதைவிட, முடிவு எடுத்த விதத்தைத்தான் அது பிடித்துக்கொண்டது. இயக்குநர் குழு திறந்த கூட்டத்தில் தீர்மானம் போட்டு, குறிப்பு எழுதி எடுத்த முடிவு இல்லை இது. மூடிய அறைக்குள் நடந்த கலந்துரையாடலுக்குப் பிறகு நிர்வாகத்தின் கையெழுத்தாக வெளியே வந்தது. வெளிப்படையாக நடப்போம் என்ற தன் சொந்த விதியை ஐகான் மீறிவிட்டது என்று நடுவர்கள் அறிவித்தார்கள். மூவாயிரம் கருத்துகள் எல்லார் பார்வைக்கும் கிடந்தன, ஆனால் அவற்றை எடைபோட்ட அறை மூடியிருந்தது. நடுவர் குழுவுக்கு விதிமீறல் நடந்ததா என்று சொல்லும் அதிகாரம்தான் உண்டு, விலையை அதுவே நிர்ணயிக்க முடியாது. ஆகவே இந்த வெற்றி காகிதத்தில் நிற்கும் வெற்றி. ஆனாலும் அடுத்த முறை ஒருவர் வழக்காடும்போது பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு கிடைத்திருக்கிறது.

விலை வரம்பு நீங்கிய சில மாதங்களிலேயே இரண்டாவது இடி விழுந்தது. 2019 நவம்பர் 13 அன்று, பப்ளிக் இன்ட்ரஸ்ட் ரெஜிஸ்ட்ரியை ஈதோஸ் கேபிட்டல் என்ற தனியார் முதலீட்டு நிறுவனத்துக்கு விற்கப்போவதாக இன்டர்நெட் சொசைட்டி அறிவித்தது. விலை 113.5 கோடி டாலர் என்று பிறகு தெரிந்தது. பேச்சுவார்த்தை முழுக்க ரகசியமாக நடந்திருந்தது. சொசைட்டியின் கிளைகளில் இருந்தவர்களே செய்தியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். ஐகானின் முன்னாள் தலைமை நிர்வாகி ஃபாதி ஷெஹாதேவின் பெயரும் வாங்குபவர்கள் பக்கம் அடிபட்டது. சொசைட்டியின் வாதத்தையும் சொல்லிவிட வேண்டும்: ஒரே ஒரு வருமான வழியை நம்பியிருப்பதைவிட, ஒரு பெருந்தொகையை முதலீடாக வைத்துக்கொண்டு காலாகாலத்துக்கும் இணையப் பரவலுக்காக உழைக்கலாம் என்றார்கள். அது நேர்மையான எண்ணமாகவே இருந்திருக்கலாம். எனக்குக் கோபம் வந்தது வேறொரு இடத்தில். ஒரு கோடி முகவரிக்காரர்களைப் பற்றிய முடிவை அவர்களில் ஒருவரிடமும் வாய்திறக்காமல் எடுத்துவிட்டு, பிறகு ‘நம்புங்கள்’ என்று கேட்டார்கள்.

இந்த முறை நடந்தது வேறு மாதிரி. விற்பனைக்கு ஐகானின் சம்மதம் தேவை என்று ஒப்பந்தத்தில் இருந்தது. ஐகான் கேட்ட விவரங்களை ரெஜிஸ்ட்ரி முதலில் ரகசியமாகத் தரவே விரும்பியது. டிசம்பர் 9 அன்று ஐகான் வெளிப்படையாக ஒரு கடிதம் எழுதி, விவரங்களைப் பொதுவில் வையுங்கள் என்று கேட்டது. தொண்டு நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் திரண்டன. 2020 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸில் ஐகான் அலுவலகத்தின் வாசலில் ஆர்ப்பாட்டமே நடந்தது. ஜனவரி 23-ஆம் தேதியிட்ட கடிதத்தில் கலிஃபோர்னியாவின் அட்டர்னி ஜெனரல் சேவியர் பெசேரா இந்த விற்பனை தொடர்பான ஆவணங்களைக் கேட்டார். ஐகான் அந்த மாநிலத்தில் பதிவான லாப நோக்கற்ற நிறுவனம் என்பதால் அவருக்கு அதன்மேல் கேள்வி கேட்கும் உரிமை இருந்தது. விவரங்கள் ஒவ்வொன்றாக வெளியே வரவர, வாங்குவதற்காகப் போடப்போகும் கடனில் 36 கோடி டாலரை டாட் ஆர்க் ரெஜிஸ்ட்ரியே சுமக்கப்போகிறது என்பது எல்லாருக்கும் தெரிந்தது. அந்தக் கடனை யார் பணத்தில் அடைப்பார்கள் என்று கேட்கப் பொருளாதாரம் படித்திருக்க வேண்டியதில்லை. ஏப்ரல் 15 அன்று அட்டர்னி ஜெனரல் இந்த விற்பனையை நிராகரிக்கச் சொல்லி மறுபடியும் எழுதினார். ஏப்ரல் 30 அன்று ஐகான் இயக்குநர் குழு சம்மதம் தர மறுத்தது. பொதுநலனுக்காக இயங்கிய அமைப்பு முதலீட்டாளர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய அமைப்பாக மாறுவதையும் அந்தக் கடனையும் காரணங்களாக எழுதியே மறுத்தது.

இதில் எது உறுதி, எது ஊகம் என்று பிரித்துச் சொல்கிறேன். விற்பனை நின்றது உறுதி. காரணங்களை எழுத்தில் கொடுத்தது உறுதி. கடன் விவரம் பொதுவில் வந்ததால் எதிர்ப்பு கூர்மையானது என்பதும் அந்த மாதங்களின் கடிதங்களை வரிசையாகப் படித்தால் தெரியும். ஆனால் முடிவைத் திருப்பியது மக்கள் எழுதிய கருத்துகளா, அட்டர்னி ஜெனரலின் கடிதமா என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். என் ஊகம், கடிதம் இல்லாமல் இருந்திருந்தால் நிபந்தனைகளோடு விற்பனை நடந்திருக்கும். அதே சமயம், சத்தம் போட்ட மக்கள் இல்லாமல் இருந்திருந்தால் அந்தக் கடிதமே வந்திருக்காது. 2019 ஜூனில் மூவாயிரம் பேர் எழுதியும் ஒன்றும் நடக்கவில்லை, 2020 ஏப்ரலில் நடந்தது. இரண்டு முறையும் கதவு ஒரே அளவுதான் திறந்திருந்தது. இரண்டாவது முறை முடிவுக்கு முன்பே ஆவணங்கள் வெளியே வந்தன, காரணம் கேட்டு வாங்கும் அதிகாரத்தோடு ஒருவர் வெளியே நின்றார். ஓர் அமைப்பு வெளிப்படையானதா என்று என்னிடம் யாராவது கேட்டால் இந்த இரண்டைத்தான் நான் பார்ப்பேன். கூட்டத்தில் எத்தனை நாற்காலி போட்டார்கள் என்பதைப் பார்க்க மாட்டேன்.

இதற்கு மாறான ஓர் இடமும் உண்டு. இணையத்தின் தொழில்நுட்பத் தரங்களை எழுதும் ஐஇடிஎஃப். அங்கே உறுப்பினர் சேர்க்கை என்ற ஒன்றே கிடையாது. மின்னஞ்சல் குழுவில் சேர்ந்தால் நீங்களும் உள்ளே. அதன் தரங்கள் வெளியாகும் ஆர்எஃப்சி என்ற ஆவண வரிசை 1969-இல் தொடங்கியது. அதை யாரும் படிக்கலாம், காசு இல்லை. நேரில் கூடும் கூட்டத்தில் என்ன பேசி முடித்தாலும் அதை மின்னஞ்சல் குழுவில் வைத்து உறுதிசெய்ய வேண்டும் என்பது விதி. விமான டிக்கெட் வாங்க முடியாதவர்களைக் காப்பாற்றும் விதி அது. ஓட்டெடுப்பு கிடையாது, எதிர்ப்புச் சொன்னவரின் தொழில்நுட்பக் காரணத்துக்குப் பதில் கிடைத்ததா என்றுதான் பார்ப்பார்கள். ஒருவர் எழுப்பிய சரியான ஆட்சேபத்தால் ஒரு வரைவு மாதக்கணக்கில் நின்றுபோவது அங்கே புதிதில்லை. ஆயிரம் பேர் ஒரே வாசகத்தைப் படியெடுத்து அனுப்பினால் அங்கே அது ஒரு கருத்தாகத்தான் எண்ணப்படும்.

அந்தப் பண்பாடும் சும்மா வரவில்லை. 1990-களின் தொடக்கத்தில், இணையத்தில் இணையும் கணினிகளுக்குத் தரும் எண் முகவரிகள் (ஐபி) தீர்ந்துபோகும் என்ற பயம் வந்தது. 1992 ஜூனில் ஜப்பானின் கோபே நகரில் கூடிய, ஐஇடிஎஃப்பை மேற்பார்வையிட்ட இணையக் கட்டமைப்புக் குழு, அடுத்த தலைமுறை நெறிமுறைக்கு எதை அடிப்படையாக வைப்பது என்று தானாகவே ஒரு முடிவெடுத்துவிட்டது. பொறியாளர்கள் கொதித்துப்போனார்கள். தேர்ந்தெடுத்த தொழில்நுட்பம் மோசம் என்பது ஒரு பக்கம். எங்களைக் கேட்காமல் எங்கள் தலைக்கு மேல் முடிவெடுக்க நீங்கள் யார் என்பது இன்னொரு பக்கம். அடுத்த மாதமே மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் நடந்த கூட்டத்தில், இணையத்தை வடிவமைத்தவர்களில் ஒருவரான டேவிட் கிளார்க், மன்னர்களையும் அதிபர்களையும் ஓட்டெடுப்பையும் நிராகரிக்கிறோம், ஏறத்தாழ எட்டிய ஒருமித்த கருத்தையும் ஓடுகிற நிரலையும் நம்புகிறோம் என்ற பொருளில் பேசினார். பேச்சோடு நிற்கவில்லை. தரங்களுக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் அந்தக் குழுவிடமிருந்து பறிக்கப்பட்டது. தலைமைப் பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவை, தன்னார்வலர்களிலிருந்து குலுக்கல் முறையில் அமைக்கும் ஏற்பாடு அதன் தொடர்ச்சியாக வந்தது. இன்று நாம் பயன்படுத்தும் ஐபி ஆறாம் பதிப்பு, கோபேயில் எடுத்த முடிவு தூக்கி எறியப்பட்ட பிறகு திறந்த விவாதத்தில் உருவானது. இதற்காக ஐஇடிஎஃப்பைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆட வேண்டியதில்லை. அங்கே எழுதுகிறவர்களில் பெரும்பகுதியினர் பெரிய நிறுவனங்களின் சம்பளத்தில் அதைச் செய்கிறார்கள். வேலை முடிந்து இரவு பதினொரு மணிக்கு ஆங்கிலத்தில் நாற்பது அஞ்சல்களைப் படித்துப் பதில் எழுதுகிறவருக்கும் அவர்களுக்கும் போட்டி சமமாக இருக்காது.

மூடிய கதவு எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் ஐநாவின் பக்கம் திரும்பலாம். 2003 டிசம்பரில் ஜெனிவாவில் உலகத் தகவல் சமுதாய மாநாட்டுக்கான தயாரிப்புக் கூட்டம் நடந்தபோது, ஐகானின் அன்றைய தலைவர் பால் ட்வூமியையே அறையிலிருந்து வெளியேற்றினார்கள். அரசுகள் மட்டும் பேசும் நேரமாம். 2012 டிசம்பரில் துபாயில் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் உலக ஒப்பந்தம் ஒன்றைத் திருத்தக் கூடியது. நாடுகள் அனுப்பிய முன்மொழிவுகள் உறுப்பினர்களின் கடவுச்சொல்லுக்குப் பின்னால் பூட்டியிருந்தன. ஜெரி பிரிட்டோ, எலி டூராடோ என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், ஆவணம் வைத்திருப்பவர்கள் பெயர் சொல்லாமல் அனுப்பலாம் என்று ஒரு தளத்தைத் திறந்தார்கள். கசிந்து வந்ததைப் படித்துத்தான் உலகம் விவாதித்தது. கடைசியில் 89 நாடுகள் கையெழுத்திட்டன, 55 நாடுகள் அங்கே கையெழுத்திடவில்லை. இந்தியாவும் கையெழுத்திடாத பட்டியலில்தான் இருந்தது. அதன் பிறகு அந்த ஒன்றியம் சிறிது சிறிதாகத் தன் மாநாட்டு ஆவணங்களைத் திறக்கத் தொடங்கியது.

மதுரையிலிருந்து எழுதுகிறீர்கள் என்பதால் நம் ஊரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் அன்றாட இணையத்தை ஐகானைவிட டெல்லிதான் அதிகம் தீர்மானிக்கிறது. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கான 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு, ஆணையம் தன் அதிகாரத்தைப் பயன்படுத்தும்போது வெளிப்படையாக நடக்க வேண்டும் என்று நேரடியாகச் சொல்கிறது. டிராய் ஆலோசனை அறிக்கை வெளியிடும், கருத்து வாங்கும், மறுகருத்தும் வாங்கும், திறந்த விவாதக் கூட்டம் நடத்தும். 2015-இல் இணையச் சமத்துவம், அதாவது எல்லாத் தளங்களையும் பாரபட்சமில்லாமல் நடத்துவது, பற்றிய அறிக்கைக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் போயின. அவற்றை அனுப்பியவர்களின் முகவரியோடு அப்படியே இணையத்தில் போட்டுவிட்டார்கள். விளம்பர அஞ்சல் அனுப்புவோருக்குக் கொண்டாட்டம். வெளிப்படை என்பது முடிவெடுப்பவருக்குத்தான் பொருந்த வேண்டும், எழுதுகிற சாதாரண ஆளின் தனிமையை அதற்கு விலையாகக் கேட்கக் கூடாது. அந்த ஆண்டு டிசம்பரில் வந்த அடுத்த அறிக்கையின்போது ஃபேஸ்புக், சில தளங்களை மட்டும் இலவசமாகக் காட்டும் தன் ஃப்ரீ பேசிக்ஸ் திட்டத்துக்கு ஆதரவாக ஒரே வார்ப்பில் ஏராளமான அஞ்சல்கள் போக ஏற்பாடு செய்தது. கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் ‘ஆதரிக்கிறேன்’ என்று மட்டும் சொன்ன அஞ்சல்களை டிராய் கேள்விக்கான பதிலாக எடுத்துக்கொள்ளவில்லை. 2016 பிப்ரவரி 8 அன்று, தளத்துக்குத் தளம் வேறு கட்டணம் வைப்பதைத் தடைசெய்யும் ஒழுங்குமுறையை விளக்கக் குறிப்போடு வெளியிட்டது. நம் நாட்டில் பொதுக் கருத்து ஒரு முடிவைத் தாங்கி நின்றதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. அதே ஆண்டு மே மாதம் வேறொரு வழக்கில், கருத்துக்கேட்டுக் காரணம் சொல்லும் நடைமுறையை எல்லா ஒழுங்குமுறை அமைப்புகளுக்கும் சட்டமாக்கும்படி உச்ச நீதிமன்றம் நாடாளுமன்றத்தைக் கேட்டுக்கொண்டது.

அதே டெல்லியில் இன்னொரு முகமும் உண்டு. 2022 நவம்பரில் தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதாவின் வரைவுக்குக் கருத்துக் கேட்ட அமைச்சகம், வரும் கருத்துகளை வெளியிட மாட்டோம் என்று அறிவிப்பிலேயே சொல்லிவிட்டது. யார் என்ன கேட்டார்கள், எதை ஏற்றார்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்க வழியே இல்லை. இணையதளங்களை முடக்க வழிசெய்யும், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழான 2009-ஆம் ஆண்டு விதிகளில் 16-ஆவது விதி, புகாரையும் நடவடிக்கையையும் ரகசியமாக வைக்கச் சொல்கிறது. இணையத்தையே நிறுத்தும் உத்தரவுகள் நீண்ட காலம் மக்கள் கண்ணில் பட்டதே இல்லை. 2018 மே மாதம் துப்பாக்கிச்சூட்டுக்குப் பிறகு தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையம் நின்றபோது அங்கே இருந்தவர்களுக்கு அது நினைவிருக்கும். 2020 ஜனவரி 10 அன்று அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட உத்தரவுகளை வெளியிட்டே ஆக வேண்டும், அப்போதுதான் பாதிக்கப்பட்டவர் அதை எதிர்த்து வழக்காட முடியும் என்றது. உத்தரவின் நகல் கையில் இல்லாதவன் எதை எதிர்த்து நீதிமன்றம் போவான்? வெளிப்படைத்தன்மை என்றதும் பெரிய அரங்கமும் ஒலிபெருக்கியும் நினைவுக்கு வருகின்றன. ஒரு மாவட்டத்து மக்களுக்கு அது ஒரே ஒரு தாள்.

ஐகானுக்கே திரும்பி வந்து, கதவு திறந்திருந்தும் உள்ளே போக முடியாமல் தடுப்பவற்றைச் சொல்கிறேன். முதல் தடை மொழி. முக்கிய அமர்வுகளுக்கு ஐநாவின் ஆறு மொழிகளில் மொழிபெயர்ப்பு உண்டு. தமிழ் அதில் இல்லை, இந்தியும் இல்லை. அடுத்தது நேரம். நூறு பக்க வரைவைப் படித்து அதில் மாற்ற வேண்டிய நான்கு வரியைக் கண்டுபிடிக்க வார இறுதிகள் போய்விடும். அதே வேலைக்குச் சம்பளம் வாங்கும் வழக்கறிஞர்கள் எதிரே இருப்பார்கள். பணிக்குழுவில் சேருகிறவர் தன் ஆர்வநலனை அறிவிக்க வேண்டும் என்பது விதி. கட்சிக்காரர் யார் என்று சொல்லாமல் ஒரு வழக்கறிஞர் பேசலாமா என்ற வாதம் பல காலம் இழுத்துக்கொண்டே போனது. பேசுகிறவர் யாருக்காகப் பேசுகிறார் என்று தெரியாத இடத்தில் எழுத்துவடிவம் இருந்தும் பாதிப் பயன்தான். வரவேற்பறையிலும் இரவு விருந்திலும் நடக்கும் பேச்சுக்கு எந்த விதியும் இல்லை. அதை ஒழிக்க முடியும் என்றும் நான் நினைக்கவில்லை. அங்கே பேசியதைக் காரணமாகக் காட்ட முடியாதபடி, முடிவுக்கான காரணங்களை எழுத்தில் கேட்கத்தான் முடியும்.

ஆகவே உங்களுக்கு என் யோசனை. டாட் காம் விலை போன்ற பெரிய பணம் புரளும் விஷயத்தில் தனியாக எழுதி எதையும் மாற்ற முடியும் என்று எதிர்பார்க்காதீர்கள். 2020-இல் டாட் காம் ஒப்பந்தத் திருத்தத்துக்கு ஏறத்தாழ ஒன்பதாயிரம் கருத்துகள், பெரும்பாலும் எதிர்ப்பாகவே, போயும் அது நிறைவேறியது. அங்கே அமைப்பாகத் திரண்டு, கேள்வி கேட்கும் அதிகாரமுள்ள ஒருவரிடம் கொண்டுபோனால்தான் பலன். ஆனால் எழுத்து, மொழி தொடர்பான கருத்துக்கேட்பு வந்தால் கட்டாயம் எழுதுங்கள். அங்கே ஒருவர் சொல்லும் சரியான விவரம் நூறு ஆதரவுக் கடிதங்களைவிட எடை கூடியது. இணையத்தின் உச்சப் பெயர்களில் தமிழ் எழுத்துகளை எப்படி அனுமதிப்பது என்ற விதிகளை, பிராமியிலிருந்து வந்த எழுத்துமுறைகளுக்கான தன்னார்வலர் குழு ஒன்று எழுதியது. அந்த வரைவு கருத்துக்கேட்புக்குப் போய், 2019-இல் உலகப் பொதுத் தொகுப்பில் சேர்ந்தது. ‘ஔ’ என்ற ஒற்றை எழுத்தும், ஒகரத்தோடு ளகரம் சேர்ந்த ‘ஒள’வும் திரையில் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், ஏமாற்றுக்காரனுக்கு அது போதும். மலையாள எழுத்துகள் சிலவும் நம் எழுத்துகளைப் போலவே இருக்கும். இதையெல்லாம் லாஸ் ஏஞ்சலஸில் இருப்பவர் தானாகக் கண்டுபிடிக்க மாட்டார். தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர்தான் சொல்ல வேண்டும்.

எழுதும்போது முழு வரைவைப் பற்றியும் பேசாமல் ஒரு பகுதியை எடுங்கள். எந்தப் பத்தி, எந்த வரி என்று குறிப்பிடுங்கள். அது யாரை, எப்படிப் பாதிக்கும் என்று உங்களுக்கு நேரடியாகத் தெரிந்த விஷயத்தோடு சொல்லுங்கள், மாற்று வாசகத்தையும் நீங்களே எழுதிக் கொடுங்கள். ஆங்கிலம் தடையாக இருந்தால் எளிய வாக்கியங்கள் போதும். நடையழகுக்கு அங்கே மதிப்பெண் இல்லை. தொகுப்பறிக்கை வந்ததும் உங்கள் கருத்தை அதில் தேடுங்கள். ‘கருத்து கவனத்தில் கொள்ளப்பட்டது’ என்று மட்டும் இருந்தால், ஏன் ஏற்கவில்லை என்று மறுபடி எழுதிக் கேளுங்கள். ஆவணம் வேண்டுமென்றால் ஐகானிடம் தகவல் வெளியீட்டுக் கொள்கை என்று ஒன்று இருக்கிறது, நம் தகவல் உரிமைச் சட்டத்தைப் போல யாரும் கேட்கலாம். வழக்கமாக 30 நாளுக்குள் பதில் வரும். விதிவிலக்குகளைக் காட்டி மறுப்பதும் உண்டு. மறுத்தால் அந்த மறுப்பும் காரணத்தோடு பொதுவில் ஏறும், அடுத்துக் கேட்பவர் அதைப் பிடித்துக்கொண்டு தொடரலாம்.